பெயின்ட் வாளியில் பன்னீர் ரோஜா

கைப்பிடி அறுந்த இடத்தில் கட்டுக்கம்பி முறுக்கியிருந்தது. அந்த முறுக்கைப் போட்டது தன் கைதான் என்று தருமனுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது.

செடி அவருக்குத் தெரியாது. வாளி தெரியும்.

வீட்டுக்கு நீலப் பெயின்ட் அடித்தபோது மிஞ்சிய வாளி. அடியில் ஓட்டை போட்டுக் கொடு என்று மனைவி ரேணுகாம்பாள் பின்னாலேயே வந்து நச்சரித்ததால், கம்பியைப் பழுக்கக் காய்ச்சி அவரே குத்திக் கொடுத்தார். இப்போது அதில் பன்னீர் ரோஜா பூத்து, வேங்கிக்கால் மைதானத்து மலர்க் கண்காட்சியில், வீட்டுத் தோட்டம் என்று எழுதிய பந்தலுக்குக் கீழே நிற்கிறது.

திருட்டுக் கூட்டம் அகப்பட்டது என்று நினைத்துக்கொண்டார்.

இதற்காகத்தான் வந்தார். இல்லையென்றால் பூவைப் பார்க்க டிக்கெட் வாங்குகிற ஆளா அவர். மாடித்தோட்டக் குழுக்காரர்கள் வேன் வைத்துப் போகிறோம், ரேணுகாம்பாள் அக்கா இருந்தால் முதல் ஆளாக ஏறியிருக்கும், அதற்குப் பதில் நீங்களாவது வாருங்கள் என்று தனம் போனில் கூப்பிட்டாள். உடனே சரியென்றார். மாடியிலிருந்து காணாமல் போன தொட்டியெல்லாம் யார் வீட்டில் இருக்கிறது என்று துப்பு கிடைக்குமே.

சாமந்தியில் நந்தி செய்து வைத்திருந்தார்கள். அதன் முன்னால் ஜனம் அலைமோதியது. குழுக்காரர்கள் செடிக்குச் செடி நின்று, மண்ணைத் தொட்டுப் பார்த்து, தண்ணீர் ஜாஸ்தி, எரு கம்மி என்று பேசிக்கொண்டார்கள். அவர் பூ எதையும் பார்க்கவில்லை. தொட்டிகளைத்தான் பார்த்துக்கொண்டே வந்தார்.

போன வருஷம் தை மாசம், டேங்கில் தண்ணீர் ஏறவில்லை என்று மாடிக்குப் போனவர் திகைத்து நின்றுவிட்டார். மாடி நிறைய இருந்த தொட்டிகளில் ஒன்றுகூட இல்லை. தரையில் வட்ட வட்டமாகக் கறை மட்டும் இருந்தது. கேட்டதற்கு, கொடுத்துட்டேன் என்றாள் ரேணுகாம்பாள். யாருக்கு என்று கேட்டதற்கு உலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

அந்த மாடித்தோட்டக் குழுப் பெண்கள்மேல் அவருக்கு முதல் நாளிலிருந்தே நம்பிக்கை இல்லை. விதை தருகிறேன், குச்சி தருகிறேன் என்று வருவார்கள். நைசாக நாலு வார்த்தை பேசுவார்கள். ஏமாந்தவளோடு எனக்கென்ன பேச்சு என்று ஒரு மாசம் அவளுக்கு முகம் கொடுக்கவில்லை. அவள் போட்ட சோற்றைத் தின்றார். பேசவில்லை.

பங்குனியில் ஆஸ்பத்திரி. சித்திரையில் ஆள் இல்லை.

வாளியின் கம்பியை இறுக்கிப் பிடித்தார். பக்கத்திலேயே அடுக்குச் செம்பருத்தி, டிசம்பர் பூ, மழை லில்லி. வாய் உடைந்த குடம், எண்ணெய் டின், ஓட்டைக் கூடை. அத்தனையும் அவர் வீட்டுச் சாமான்.

"இது எங்க ஊட்டு வாளி. யாரு தூக்கினு வந்தது?"

செல்பி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பேங்கில் இருந்து ரிட்டயர் ஆன அருணகிரி, குழுவில் மூத்தவர், மெதுவாகப் பேசுங்கள் என்று தோளைத் தொட்டார். தருமன் தோளை உதறினார்.

தனம் நின்ற இடத்திலிருந்து அசையவில்லை. அக்காவுடையதுதான் மாமா, எல்லாமே அக்காவுடையதுதான், ஆளுக்குக் கொஞ்சமாக வைத்து வளர்த்ததை இன்றைக்கு ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறோம், உங்களுக்குக் காட்டத்தான் கூட்டிக்கொண்டு வந்தோம் என்றாள்.

யாருக்கு யார் மாமா. ஒன்றும் தெரியாதவளை ஏமாற்றி வாங்கிவிட்டு, அதற்குப் பந்தல் போட்டு வேடிக்கை வேறு காட்டுகிறீர்களா என்று கேட்டார்.

தனத்தின் முகம் சுருங்கிப் போயிற்று.

யாரும் கேட்டு வாங்கவில்லை என்றாள். அக்காதான் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கொடுத்தது. ஐப்பசியில் வயிற்று வலி என்று சொன்னபோது தான்தான் டாக்டரிடம் கூட்டிப் போனதாகவும், உள்ளே கட்டி, முற்றிவிட்டது என்று அன்றைக்கே சொல்லிவிட்டதாகவும், அக்கா, தான் போனபிறகு செடி காயக்கூடாது என்று, நடக்கத் தெம்பு இருக்கும்போதே எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்ததாகவும் சொன்னாள்.

ஐப்பசியில்.

அதற்கு அடுத்தது கார்த்திகை. தீபத்தன்று மலை சுற்றும்போது அவள் லிங்கத்துக்கு லிங்கம் உட்கார்ந்தாள். ஜனம் நெருக்கித் தள்ளுகிறது, நீ ஆடி அசைந்து வருகிறாயே, வயசு எனக்கா உனக்கா என்று திட்டிவிட்டு அவர் முன்னால் நடந்தார். அவள் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தாள்.

தருமன் வாளியை விட்டுவிட்டார். கம்பி உள்ளங்கையில் பதிந்திருந்தது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

தனம் அருணகிரியைப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவரு யாரையும் நம்ப மாட்டாரு தனம், ஆஸ்பத்திரிக்காரன் காசுக்குப் பொய் சொல்றான்னு சொல்லுவாரு, அதைக் கேட்டா எனக்கும் அப்படியே நம்பணும்போல ஆயிடும்னு சொல்லுச்சு மாமா."

ஜனம் அவரை இடித்துக்கொண்டு நகர்ந்தது. யாரோ ஒரு பெண் ரோஜாவை மூக்கருகே இழுத்து மோந்து பார்த்துவிட்டுப் போனாள்.

பங்குனியில், ஆஸ்பத்திரி வராந்தாவில், டாக்டர் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போனதும் தருமன் அதே வார்த்தையைத்தான் சொன்னார். காசுக்குப் பொய் சொல்றான் இவன்.

ரேணுகாம்பாள் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள்.

"ஆமாய்யா, பொய்தான். வா, ஊட்டுக்குப் போலாம்" என்றாள்.