மூலத்தில் இல்லாத வரி

பொருள்கள் எப்படி நகர்கின்றன என்று சொல்லும் பழைய லத்தீன் புத்தகம் ஒன்றில் ஓர் இராமபாணப் பூச்சி குடியிருந்தது. அமலோற்பவம் அந்தப் புத்தகத்தைத் தமிழில் மொழிபெயர்த்து எழுதிக்கொண்டிருந்தாள். அவளுடைய உருண்டைப் பென்சில் ஒரு வரியை முடித்ததும் பூச்சி ஊர்ந்து வந்து பார்க்கும்.

"மூலத்தில் இருக்கிற ருசி இதில் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போகும். மூலத்திலேயே பிறந்து வளர்ந்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பென்சில் நினைத்துக்கொள்ளும்.

ஒருநாள் முதல் விதி வந்தது. அதன் நடுவில் ஒரு வரி இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டைதான் இருந்தது. அமலோற்பவம் முன்னும் பின்னும் படித்துப் பார்த்தாள். பிறகு பென்சிலை மேஜைமேல் உருட்டிவிட்டாள். அது அகராதியில் முட்டி நின்றது. அகராதியை நகர்த்திவிட்டு மறுபடி உருட்டினாள். இந்த முறை விரிப்பின் சுருக்கத்தில் நின்றது. விரிப்பையும் உருவிவிட்டு உருட்டினாள். பென்சில் மேஜையைத் தாண்டிப் போய்க் கீழே விழுந்து மூக்கை உடைத்துக்கொண்டது. அவள் அதைச் சீவிவிட்டு எழுதினாள்: 'எதுவும் தடுக்காதவரை, ஓடுகிற பொருள் நேராக ஓடிக்கொண்டே இருக்கும்.'

பூச்சி வந்து பார்த்தது. "இந்த வரி மூலத்தில் கிடையாது."

"அடிபட்டுத் தெரிந்துகொண்டதுங்க" என்றது பென்சில்.

"நீ எங்கே வேண்டுமானாலும் அடிபடு. அந்தப் பக்கத்தை மூலை முடுக்கு விடாமல் பார்த்தவன் நான். அங்கே ஓட்டைதான் இருக்கிறது. ஓட்டையை ஓட்டையாகவே விடுவதுதான் நேர்மை" என்று சொல்லிவிட்டு, பூச்சி நிதானமாக ஓர் ஏப்பம் விட்டது.