மேல்விளக்கு

பேட்டரியின் மூன்றாவது மூடியைத் திருகித் திறந்ததும் பேட்டரிக்காரருக்குக் கை நின்றுவிட்டது.

உள்ளே தண்ணீர் வற்றித் தகடுகள் வெளியே தெரிந்தன. நான்காவதிலும் அதே கதி.

கார் அவருடையது. தன் பேட்டரிக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் "மாசம் ஒரு தடவை மூடியைத் திறந்து பாருங்க சார்" என்று வாய் ஓயாமல் பாடம் நடத்துகிறவர். சொந்த வண்டியில் கடைசியாக எப்போது பார்த்தார் என்று அவருக்கே நினைவில்லை.

அதுகூடப் போகட்டும். காலையில் நடந்ததுதான் உறுத்தியது.

வேலைக்கான நேர்காணலுக்காக, தேய்த்த சட்டையோடு மைத்துனன் காரில் ஏறி உட்கார்ந்திருந்தான். சாவியைத் திருப்பினால் 'டக்' என்றொரு சத்தம், அவ்வளவுதான். உடனே மனைவி மேல் பாய்ந்தார்.

"நேத்து குடை எடுக்கப் போனியே, காருக்குள்ள மேல் லைட்டை அணைச்சியா? பேட்டரியே காலி! உனக்கெல்லாம் எத்தனை தடவை சொல்றது?"

தம்பியின் எதிரில் அவள் முகம் சுண்டிப்போயிற்று. காருக்குள் எட்டிக் கூரையை ஒருமுறை பார்த்தாள். பிறகு தம்பியை இழுத்துக்கொண்டு பேருந்துக்கு ஓடினாள். தப்பு செய்தவளுக்குப் பேச வாய் ஏது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

இப்போது முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைச் சமையல் சோடா கரைத்துக் கழுவினார். தகடு மூழ்கும்வரை மட்டும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினார். வாயு வெளியேற ஷெட் ஜன்னலைத் திறந்துவைத்து, கவ்விகளை மாட்டிய பிறகே சார்ஜரைப் போட்டார், குறைந்த அளவில். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

தண்ணீர் வற்றியதுதான் காரணம் என்று அவளுக்குத் தெரிய வேண்டாமென்று, தண்ணீர் பாட்டிலை மட்டும் அலமாரிக்குப் பின்னால் ஒளித்தார். சீ என்றிருந்தது. ஆனாலும் ஒளித்தார்.

மதியம் அவள் வேர்த்து விறுவிறுத்து வந்தாள். தம்பியைக் கடைசி ஆளாக உள்ளே விட்டார்களாம்.

"இனிமேலாவது லைட்டைப் பாத்து அணை" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவள் கீழே கிடந்த சோடா டப்பாவை எடுத்தாள்.

"அந்த லைட்டுல பல்பே இல்லீங்க. போன வருஷம் யாரோ கஸ்டமர் வண்டிக்குன்னு நீங்கதான் கழட்டிட்டுப் போனீங்க. தம்பி முன்னாடி சொல்ல வேணாம்னு விட்டுட்டேன்."

குரலில் கோபமே இல்லை. அவருக்கு அதுதான் தாங்கவில்லை.

போகிற போக்கில் அலமாரிக்குப் பின்னால் கைவிட்டு, மூடி வெளியே தெரிந்த அந்தப் பாட்டிலை எடுத்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

சார்ஜ் ஏறிய பிறகு அளவுக்கோடு வரை தண்ணீர் இன்னொரு தடவை ஊற்ற வேண்டும். அவர் நடத்தும் பாடத்தை இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருப்பவள் அவள்.