வேர் முனைக்கு முன்பே

ஊசி பாதி ஆழம்கூட இறங்கவில்லை. அதற்குள் கருவி கத்தியது.

தமிழ்வாணி கையை அப்படியே நிறுத்தினாள்.

பல்லின் வேர் சிகிச்சையில் ஊசி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று காட்டும் சின்னக் கருவி அது. அதன் ஒரு கம்பி, நாற்காலியில் வாய் திறந்து சாய்ந்திருந்த முத்திருளனின் உதட்டோரம் கொக்கியாகத் தொங்கியது. இன்னொன்று அவள் கையிலிருந்த ஊசியைப் பிடித்திருந்தது. வேரின் நுனியைத் தொட்டால்தான் அது இப்படிச் சிவப்பு காட்டிக் கத்த வேண்டும். எக்ஸ்ரேயில் நுனி இன்னும் வெகு கீழே இருந்தது.

ரத்தம் பட்டுத் தப்பாகக் காட்டியிருக்கலாம். பல்லுக்குள் கழுவி, பஞ்சுத் திரி விட்டு ஈரத்தை எடுத்தாள். புது ஊசி மாற்றினாள். மூச்சை அடக்கிக்கொண்டு இறக்கினாள்.

அதே இடம். அதே சத்தம்.

வேரின் பக்கச் சுவரில் ஓட்டை விழுந்துவிட்டது. போட்டது அவள் கைதான்.

வேறு யாராவது என்றால் மருந்து வைத்து அடைத்து, கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாம். முத்திருளனுக்குத் தொண்டையில் புற்றுநோய். வரும் திங்கள்கிழமை கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்கத் தொடங்கப்போவதாகச் சொல்லித்தான் வந்திருந்தார்கள். கரண்ட் வைத்த பிறகு பல்லைப் பிடுங்கினால் தாடை எலும்பே ஆறாது. இப்போது பிடுங்கினாலோ, புண் ஆற மூன்று வாரமாவது வேண்டும்.

அந்த மூன்று வாரத்தை வீணாக்கக் கூடாதென்றுதான் அவர் மனைவி ராமக்காள், பிடுங்காமல் சரிபண்ணிக் கொடுங்கள் என்று எழுமலையிலிருந்து அவரைக் கூட்டி வந்திருந்தாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

தமிழ்வாணி உதட்டுக் கொக்கியைக் கழற்றினாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள். பல்லை எடுத்துத்தான் ஆக வேண்டும், வைத்தியம் தள்ளிப்போகும் என்றாள்.

முத்திருளன் வாயைக் கொப்பளித்துத் துப்பினார். கோபப்படவில்லை. கதவு சாத்தியிருக்கிறதா என்று மட்டும் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"கரண்டு வச்சுப் பிரயோசனமில்லன்னு முந்தாநாளே பெரியாஸ்பத்திரியில சொல்லிட்டாக டாக்டரம்மா. ஈரல் வரைக்கும் போயிருச்சாம்."

கரகரத்த தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அவகிட்டச் சொல்ல வாய் வரல. அதான் அவ கூப்பிட்ட எடத்துக்கெல்லாம் வாரேன். நீங்களே வெளிய போயி, பல்லால தள்ளிப்போச்சுன்னு சொல்லிருங்க."

அது முடியாது என்று சொல்லத்தான் தமிழ்வாணி நினைத்தாள். அவர் ஏற்கெனவே வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

பல் சுலபமாக வந்துவிட்டது. பஞ்சைக் கடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

ராமக்காள் எழுந்து நின்றாள்.

"என் கை தப்பிருச்சும்மா. பல்லை எடுக்க வேண்டியதாயிருச்சு. புண்ணு ஆற மூணு வாரமாகும்."

ராமக்காள் அவள் முகத்தையே பார்த்தாள்.

"ஒங்கள நம்பித்தானம்மா கூட்டியாந்தேன்."

தமிழ்வாணி கையுறைகளைக் கழற்றினாள்.

"அம்புட்டு நாளு தாங்குவாகளா?"

"தாங்குவாரும்மா."

ராமக்காள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அது போதும் என்றாள்.