பிறந்த வீட்டு டிவி

“கேம் பாக்ஸ்ல ஒரு கோளாறும் இல்லைங்க சார். உங்க டிவிதான் அதுக்கு ஈடு குடுக்கல” என்றார் டிவி ரிப்பேர் பார்க்க வந்த மரியசெல்வம்.

விக்ரமுக்குச் சுருக்கென்றது. கத்தாரிலிருந்து லீவுக்கு வரும்போது மகனுக்காக ஆசை ஆசையாக வாங்கி வந்த கேம் கன்சோல் அது. காலையில் சாஃப்ட்வேர் அப்டேட் கேட்டது, கொடுத்தான். முடிந்ததும் திரை கருப்பாகிவிட்டது.

“ஈடு குடுக்கலைன்னா? இது ஃபோர்கே டிவிங்க.”

“இல்லைங்களே. இது பழைய மாடல், சாதா ஹெச்.டி. அப்டேட்டுக்கு அப்புறம் பாக்ஸ் ஃபோர்கே படமா அனுப்புது, இதால வாங்க முடியல. பாக்ஸ் செட்டிங்ஸ்ல படத்தைக் கொறச்சு வச்சா ஓடும். வச்சுத் தரட்டுங்களா?”

“வேணாம். அப்படியே இருக்கட்டும்.”

மரியசெல்வம் போனதும் சோபாவில் இருந்த நண்பன் கோபிநாத் மெல்லச் சிரித்தான். “என்னடா இது? ஒங்க வீட்டு கிரகப்பிரவேசத்துல மைக் வச்சு, ‘பிறந்த வீட்டுச் சீர், ஃபோர்கே டிவி’ன்னு சொன்னாங்களே. நான் அங்கதான் இருந்தேன்.”

அன்றைக்கு விக்ரமுக்கு லீவு கிடைக்கவில்லை. மனைவி சிவரஞ்சனியின் அண்ணன் தங்கமுத்து, மாலை போட்ட டிவி பெட்டியோடு நிற்பதை வீடியோவில்தான் பார்த்தான். கத்தாரில் ரூம்காரர்களிடமெல்லாம் காட்டிப் பெருமை அடித்தும் இருந்தான். இப்போது அதுவும் சேர்ந்து எரிந்தது.

செல்போனை எடுத்தான். சிவரஞ்சனி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

“என்னங்க, கொறச்சு வச்சா ஓடும்னு அவரே சொன்னாருல்ல? அண்ணனுக்குப் போன் போட வேணாங்க. இந்த வருசம் அண்ணன் தோப்புல முந்திரிப் பூவெல்லாம் கருகிப் போயி, அதுவே நொந்து கெடக்கு.”

“ஒங்க அண்ணனை ஒண்ணு சொன்னா ஒனக்குப் பொறுக்காதே.”

டீ குடித்துக்கொண்டிருந்த விக்ரமின் அம்மா பொன்னுத்தாய், டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

“ஸ்பீக்கர எதுக்குங்க போடுறீங்க?” என்று கேட்டாள் சிவரஞ்சனி.

“மைக்ல சொல்லிக் குடுத்ததை ஸ்பீக்கர்ல கேட்டா என்ன தப்பு?”

கந்தர்வக்கோட்டையில் தங்கமுத்து போனை எடுத்தார். “சொல்லுங்க மாப்ள. நல்லா இருக்கீங்களா?”

“இருக்கேன் மச்சான். முடியலைன்னா சீர் செய்யாமலே இருந்திருக்கலாம். ஃபோர்கேன்னு ஊருக்கே சொல்லிட்டு, பழைய மாடலைக் கொண்டாந்து மாட்டிருக்கீங்களே?”

வாயைப் பொத்தியும் கோபிநாத்துக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது.

“தப்பு என் மேலதான் மாப்ள” என்றார் தங்கமுத்து. “கடைக்காரன் சொன்னதை நம்பிட்டேன். ஞாயித்துக்கெழமை வந்து மாத்திக் குடுத்துர்றேன். தங்கச்சியை ஒண்ணும் சொல்லிறாதீங்க.”

சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமை லோடு ஆட்டோவில் புது டிவியோடு வந்து இறங்கினார். பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டி, கன்சோலையும் இணைத்தார்கள். திரையில் கால்பந்து மைதானத்தின் புல்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது. பையன் குதித்தான்.

விக்ரமுக்கு ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. “இதுதான் மச்சான் டிவி. அந்த டப்பாவை ஆட்டோல ஏத்துவோம். நானும் கடைக்கு வாரேன். ஒங்களை ஏமாத்துனவனை நாலு பேருக்கு முன்னாடி நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி கேக்கணும்.”

“அதை நான் பாத்துக்கிறேன் மாப்ள. நீங்க எதுக்கு அலையணும்?”

“அதெப்படி விடுறது?” விக்ரம் பழைய டிவியைத் தூக்கினான்.

அதன் மறு ஓரத்தை ஒரு கை வந்து பிடித்தது. பொன்னுத்தாய்.

“கீழ வைப்பா. கடைக்காரன் யாரையும் ஏமாத்தல.” அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. “இது ஒந்தங்கச்சி ஹரிணி வீட்டு டிவி. நல்ல டிவிக்குக்கூட வக்கில்லாத எடத்துலருந்து வந்தவன்னு அவ மாமியா குத்திக்காட்டிக்கிட்டே இருந்துச்சு. எனக்கு மனசு கேக்கல. மச்சான் குடுத்ததை அங்கிட்டு அனுப்பிட்டு, இதை இங்கிட்டு மாட்டிட்டேன்.”

விக்ரம் மனைவியைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இத்தனை நாளும் தெரிந்தேதான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். மச்சானைப் பார்த்தான். அவர் முகத்திலும் அதிர்ச்சி எதுவும் இல்லை.

“மச்சான், ஒங்களுக்குமா தெரியும்?”

“பொங்கலுக்கு வந்தப்பவே பாத்துட்டேன் மாப்ள. வாங்குன எனக்குத் தெரியாதா?”

விக்ரமுக்கு உடம்பெல்லாம் கூசியது. செட்டிங்ஸை மாற்றி முடித்திருக்க வேண்டிய விஷயம். அந்த மனிதரைக் குற்றவாளியாக்கி, இல்லாத நேரத்தில் இன்னொரு டிவியும் வாங்க வைத்து, இப்போது நியாயம் கேட்க வேறு கிளம்பிவிட்டான். டிவியைக் கீழே வைத்த பிறகும் நிமிர முடியவில்லை.

“அன்னிக்குப் போன்லயே சொல்லியிருக்கலாமே மச்சான். தப்பு ஒங்க மேலன்னு ஏன் சொன்னீங்க?”

தங்கமுத்து வாசலைப் பார்த்தார். லோடு ஆட்டோக்காரர் நின்றிருந்தார். பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“ஸ்பீக்கர் போட்டிருந்தீங்களே மாப்ள. யாரோ சிரிக்கிறது கேட்டுச்சு. வெளியாளு கேட்டுக்கிட்டு இருக்கையில, ஒங்க அம்மாவை நான் எப்படிக் காட்டிக் குடுப்பேன்?”