குனிய வைத்த ஜன்னல்

"பட்டாபிதா, ஜன்னலை இவ்வளவு கீழே வெச்சா துர்கா அம்மா முகத்தை யார் பார்க்கறது?" என்றார் பூஜை கமிட்டிச் செயலாளர் தத்தா, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபடி.

"குனிஞ்சா தெரியும் தாதா," என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னான் பட்டாபிராமன்.

சகுந்தலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கான்கிரீட் கம்பெனி வேலையை உதறிவிட்டு அவள் கணவன் தன் பெயரில் கட்டும் முதல் கட்டடம், லேக் கார்டன்ஸ் பேட்டையின் இந்த துர்கா பூஜைப் பந்தல். சிறந்த பந்தலுக்கான பரிசு கிடைத்தால் நாலு பேர் தேடி வருவார்கள். இல்லையென்றால் பழைய முதலாளி வாசலில்தான் போய் நிற்க வேண்டும்.

அக்கம்பக்கத்துத் தெருக்களில் தெர்மாகோல் அரண்மனைகள் எழும்ப, இவனுடையது மூங்கில் தட்டியும் வங்காளக் குடிசையின் வளைந்த வைக்கோல் கூரையும்தான். ஆணி கூடாதாம், எல்லாம் கயிற்று முடிச்சு. ஃபீஸும் வேண்டாம், பூஜை முடிந்ததும் மூங்கிலைக் கொடுத்தால் போதும் என்றிருந்தான் அந்த மகானுபாவன்.

ரயில் பாதையோரக் குழந்தைகளுக்கு அவள் நடத்தும் வகுப்பு அன்றும் தார்ப்பாய் ஒழுகிக் கலைந்திருந்தது. தலையைத் துவட்டிக்கொண்டே பந்தலுக்குள் வந்து கேட்டாள்.

"ஏன்னா, ஒரு முழம் ஒசத்தினா என்ன கொறைஞ்சு போயிடும்?"

"காத்து சரியா வராது, சகு."

"காத்தா வந்து பரிசு கொடுக்கப் போறது?"

அவன் அடுத்த முடிச்சை இறுக்கினான். மழை விட்ட வெயில் தட்டி இடுக்குகள் வழியே தரையில் கோலம் போட்டது. உள்ளே நின்றால் நகரத்தின் சத்தமெல்லாம் எங்கோ தூரத்தில் மிதந்தது. அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. அதனாலேயே கோபம் கூடியது.

சஷ்டியன்று நடுவர்கள் வந்தார்கள். ஜன்னலில் எட்டிப் பார்த்து, "தேவியின் பாதம்தான் தெரிகிறது" என்று உதட்டைப் பிதுக்கினார்கள். பரிசு பக்கத்துத் தெருவுக்குப் போயிற்று. தத்தா அதன்பின் முகம் கொடுத்துப் பேசவில்லை.

விஜயதசமியன்று தேவி கங்கைக்குப் புறப்பட்டாள். தாக் மேளம் தெருக்கோடியில் தேய்ந்து மறைந்ததும் பட்டாபி முடிச்சுகளை அவிழ்க்கத் தொடங்கினான். சகுந்தலாவுக்குப் பார்க்கத் தாளவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டாள்.

"மூங்கிலை எறக்கி வெச்சுட்டு வரேன்" என்று அவன் தினமும் கிளம்பிப் போனான். எங்கே என்று அவள் கேட்கவில்லை.

பூஜை விடுமுறை முடிந்து வகுப்புக்குப் போனாள். தார்ப்பாயைக் காணவில்லை. அந்த இடத்தில் ஒரு வளைந்த வைக்கோல் கூரை, இளவெயிலில் மின்னியது.

உள்ளேயிருந்து அவளுடைய குட்டி மாணவி மாம்பி, ஜன்னல் கட்டையில் முகவாயை ஊன்றிக்கொண்டு தன் டீச்சரைக் கூப்பிட்டாள்.

"தீதிமணி, இங்கேருந்து ரயில் முழுசாத் தெரியுது."

மாம்பி குனியவும் இல்லை, எம்பவும் இல்லை.