அரை நொடி நிறுத்தம்

கதவைத் திறந்த கிட்டார்க்காரன் ஓரடி பின்வாங்கினான். கீழ்வீட்டு அம்மாள். கையில் கரண்டி, முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தன.

“ஏம்ப்பா, ஒரு மாசமா ஒரே இடத்துல சிக்கிக்கிட்டு நிக்கிறியே!”

“சிக்கலைம்மா, படிக்கிறேன்! ராக்கபில்லின்னு ஒரு துள்ளல் இசை, அதோட பழைய இசைத்தட்டு. விரல் தேறணும்னா இந்த மாதிரி ஜாம்பவான்களைத்தான் படிக்கணும். எல்லாரும் ஓடுற இடத்துல இதுல கிட்டார் வாசிக்கிற மனுஷன் அரை நொடி நின்னு பாய்வாரு. அங்கதான் இருக்கு அவரோட மூளை! நாளைக்கு இசைக்குழுத் தேர்வுல அதை வெச்சுத்தான் ஜெயிக்கப்போறேன்.”

“சொன்னாக் கேளு, அந்த நிறுத்தத்தை விட்டுடு.”

“உங்களுக்கு என்னம்மா தெரியும்?” இசைத்தட்டின் உறையை நீட்டினான். “பாருங்க, முகத்தைக்கூடத் தொப்பியால மறைச்சிருக்காரு. எவ்வளவு அடக்கம்!”

அம்மாள் கரண்டியை அவன் கையில் திணித்துவிட்டுக் கிட்டாரை வாங்கினாள். அதே பாட்டு. விரல்கள் கம்பிகளில் பறந்தன. அந்த இடத்தில் நிற்கவே இல்லை.

அவன் உறையையும் அம்மாளையும் மாறி மாறிப் பார்த்தான்.

“அடக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. இதைப் பதிவு பண்ணின அன்னைக்கு எனக்குச் சரியான ஜலதோஷம். மூக்கு செவந்து கிடந்துச்சு, தொப்பியை இறக்கிவிட்டுப் படம் எடுத்தாங்க. நீ ஒரு மாசமா நிக்கிறியே, அது நான் தும்மலை அடக்கின இடம்!”