யாரும் கேட்காத படம்

“டேய், யாருடா அது ஜன்னலுக்குக் கீழே? இது பிரசவ ஆஸ்பத்திரியா, சந்தையா?”

எல்லாரும் அக்கா என்ற பொருளில் ‘எஜே’ என்று கூப்பிடும் தலைமை நர்ஸ் சாய்ராவின் குரல் கேட்டதும் தீலெக்கின் கையிலிருந்த பை நழுவியது. மாடியிலிருந்து மனைவி ஐசிரெக் இறக்கிய கயிற்றில் கட்டுவதற்குள், சுடச்சுடக் கொண்டுவந்த போர்சோக் ரொட்டியெல்லாம் பனியில் உருண்டது.

“குழந்தையை ஒரே ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன் எஜே. குறைமாசம். கண்ணாடிப் பெட்டியில இருக்கா. என் காதாம், இவ சொல்றா...”

“உன் காது உன்கிட்டதான் இருக்கு. அப்பாக்களை உள்ளே விடறதில்லைன்னு நரீன் ஊருக்கே தெரியும். உனக்கு வேலை வெட்டி கிடையாதா?”

“இருக்கே. நெட்வொர்க் சுவிட்ச் வேலை. உங்க டிவி நின்னா எங்க கம்பெனியைத்தான் கூப்பிடணும்.”

“நின்னா கூப்பிடறேன். இப்ப நடையைக் கட்டு.”

கல்நெஞ்சக்காரி என்று முணுமுணுத்தபடி போனான்.

மறுநாள் காலை எல்லா வார்டிலும் டிவி திக்கித் திணறியது. கம்பெனிக்குப் போன் வந்தது. தீலெக் ஓடினான்.

“ரிப்பேர்காரனாத்தான் வந்திருக்கே. ஞாபகம் வெச்சுக்கோ,” என்றாள் எஜே.

கீழ்த்தள சுவிட்சில் லேப்டாப்பைச் செருகினான். எந்த டிவி எந்தச் சேனலைக் கேட்கிறதோ, அதற்கு மட்டும் அந்தப் படத்தைக் கொடுப்பதுதான் சுவிட்சின் வேலை. இன்றைக்கோ யாருமே கேட்காத ஒரு படம் எல்லா வயரிலும் வெள்ளமாய்ப் பாய்ந்துகொண்டிருந்தது.

“அது நுழையற வாசலை இங்கிருந்தே அடைச்சுடலாம் எஜே. ஒரு நிமிஷ வேலை.”

“அரைகுறை வேலையெல்லாம் இங்க வேண்டாம். எங்கிருந்து வருதோ, அங்க போய்ப் பாரு.”

படம் மாடி சுவிட்சிலிருந்து வந்தது. மாடிக்குப் போனான். அங்கே அது நுழைகிற வயரைப் பிடித்துக்கொண்டே நடந்தான். வயர் தாழ்வாரம் முழுக்க ஓடி, ஒரு கதவுக்கு அடியில் புகுந்தது.

குறைமாதக் குழந்தைகளின் அறை.

பின்னாலேயே வந்த எஜேயைத் தீலெக் திரும்பிப் பார்த்தான். “எஜே... கோளாறு உள்ளேதான் இருக்கு. நான் போகலாமா?”

“அப்பான்னா வெளியே போ. ரிப்பேர்காரன்னா முழங்கை வரைக்கும் கையைக் கழுவு.” அங்கியையும் மாஸ்க்கையும் நீட்டினாள். “வயர் கடைசிப் பெட்டிக்குப் பின்னால போகுது. அவசரப்படாம நிதானமாத் தேடு.”

கடைசிப் பெட்டியில் ‘ஐசிரெக்கின் மகள்’ என்று எழுதியிருந்தது.

உள்ளங்கையில் அடங்கும் முகம். இரண்டு பக்கமும் விடைத்துக்கொண்டு, சந்தேகமே இல்லை, அவனுடைய காது! தீலெக் சிரித்தான், அழுதான், மறுபடி சிரித்தான். மகள் அவனைப் பார்த்துக் கொட்டாவி விட்டாள்.

வெகுநேரம் கழித்துத்தான் வயர் ஞாபகம் வந்தது. பெட்டிக்குப் பின்னால் ஒரு பழைய கேமரா. எந்தக் குழந்தையையும் அது பார்க்கவில்லை. வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பிடுங்கினான். வார்டு வார்டாக டிவிகள் தெளிவாகப் பாடத் தொடங்கின.

“சுவத்தைப் படம் பிடிக்கறதுக்கு யாரு எஜே இதைச் செருகினது?”

எஜே கேமராவை வாங்கித் தன் அங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

“அதெல்லாம் உனக்கு எதுக்கு? நாளைக்கும் டிவி நிக்கும். பால் குடுக்கற நேரத்துக்கு வந்து சேரு, ரிப்பேர்காரா.”